கண்ணை மட்டும் நம்பி எங்களைப் பறக்கவிடாதீர்கள்

பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளிக்கு எல்லை வரைந்து, அதில் யார் எந்த உயரத்தில் பறக்கலாம் என்று விதி எழுதும் அதிகாரிகளுக்கு,

நான் சிறு விமானங்களில் பயிற்சி கொடுக்கும் விமானி. நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதாமல் மயிரிழையில் தப்பியதைப் பற்றி நான் கொடுத்த புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் என் கையில் இருக்கிறது. மொத்தம் இரண்டு பத்தி. விதிமீறல் எதுவும் நடக்கவில்லை, வெளியே கவனமாகப் பார்த்துப் பறக்கும் பொறுப்பை இரண்டு விமானிகளும் நினைவில் கொள்ள வேண்டும், கோப்பு முடிக்கப்படுகிறது. அது வந்த கையோடு இன்னொரு அறிவிப்பும் வந்தது. சிறு விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே ஒலிபரப்பும் கருவியைக் கட்டாயமாக்கும் விதி மறுபடியும் தள்ளிவைக்கப்படுகிறதாம், கூடுதல் கலந்தாலோசனை தேவையாம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தனிக் கடிதமாக எழுதினால் அதுவும் ஒரு கோப்பாகிவிடும் என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விதிமீறல் நடக்கவில்லை என்று நீங்கள் எழுதியது உண்மை. என்னைத் தூங்கவிடாமல் செய்வதும் அதுதான். இரண்டு பேருமே விதிப்படி பறந்தோம், விதிப்படியே மோதிச் செத்திருப்போம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி ஓடுபாதைகளுக்குப் பக்கத்தில் தரையிலிருந்தே தொடங்கும், தள்ளிப் போகப் போக அதன் அடிமட்டம் படிப்படியாக உயரும். அனுமதி கிடைக்காத சிறு விமானங்களுக்கு அந்தப் படிகளுக்கு அடியில் இருக்கும் இடம்தான். மேலே உங்கள் எல்லை 2,500 அடியில் தொடங்குகிறது என்று வையுங்கள். கீழே வீடுகளும் கோபுரங்களும் இருப்பதால் அவற்றில் மிக உயரமானதன் உச்சியிலிருந்து குறைந்தது 1,000 அடியாவது விட்டுத்தான் பறக்க வேண்டும், மேல் எல்லையைத் தொட்டுவிட்டால் நடவடிக்கை வரும் என்ற பயத்தில் அங்கேயும் கொஞ்சம் விடுவோம். ஆக வருகிறவர், போகிறவர், பயிற்சி எடுக்கிறவர், ஹெலிகாப்டர் என்று எல்லாரும் 1,800 அடிக்கும் 2,200 அடிக்கும் நடுவில் வந்து சேர்கிறோம். போதாததற்கு, உள்ளே வரும் முன், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரைக் கூப்பிட வேண்டிய இடம் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி. வருகிறவருக்கும் அதே புள்ளி, வெளியேறுகிறவருக்கும் அதே புள்ளி. முன்பெல்லாம் ஆளுக்கு ஆள் அரைக் கிலோமீட்டர் முன்னே பின்னே இருப்போம். இப்போது எல்லாரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது, அந்தப் புள்ளியைப் போட்டுவிட்டுச் சில மீட்டர்கூடப் பிசகாமல் அதன் தலைக்கு மேல் வந்து நிற்கிறோம். எங்களை இப்படிக் கூட்டிச் சேர்ப்பது உங்கள் வரைபடம். அதனால்தான் கவனமாக இருங்கள் என்ற ஒற்றை வரியோடு நீங்கள் நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததும் அந்தப் புள்ளிக்கு மேல்தான். வானம் சுத்தமாக இருந்தது. (நடுவானில் மோதல்கள் பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில், தெளிந்த வானத்தில், விமானத் தளத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கின்றன என்பது விமானிகள் எல்லாருக்கும் தெரியும்.) மாணவி இடது இருக்கையில் ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வர அனுமதி கேட்டோம். வெளியிலேயே இருங்கள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றார் கன்ட்ரோலர். ரேடாரில் பார்த்து பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றாவது சொல்ல முடியுமா என்று கேட்டேன். வேலைப் பளுவால் முடியாது என்று பதில் வந்தது. அந்தக் கன்ட்ரோலர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, ஒரே மூச்சில் அவர் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதைக் காதால் கேட்டேன். ஆனால் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் எங்களுக்கு அந்த உதவி தேவை, அந்த நேரத்தில்தான் அது மறுக்கப்படுகிறது.

வேறு வழியில்லாமல் புள்ளிக்கு மேல் வட்டமடிக்கத் தொடங்கினோம். எங்களுடையது இறக்கை மேலே இருக்கும் விமானம். திரும்பும்போது உள்பக்க இறக்கை தாழ்ந்து, எந்தத் திசையில் திரும்புகிறோமோ அதையே மறைத்துவிடும். அதனால் திரும்பும் முன் இறக்கையைக் கொஞ்சம் உயர்த்தி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். மாணவி அதை ஒழுங்காகச் செய்தார், நானும் என் பக்கம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திருப்பத்தின் பாதியில் கருவிப் பலகையின் மேல் ஒரு நிழல் ஓடியது. நிமிர்ந்தால், முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து இன்னொரு விமானத்தின் வயிறு இறங்கி வருகிறது. சக்கர மூடியில் பெயின்ட் உரிந்த இடம், எஞ்சினிலிருந்து வால் பக்கம் இழுத்துக்கொண்டு போன எண்ணெய்க் கோடு, வயிற்றில் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனா எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கன்ட்ரோலை வாங்கி முன்னால் தள்ளினேன். பெல்ட் தொடையை அறுக்கிற மாதிரி உடம்பு இருக்கையை விட்டு எழும்பியது, மாணவியின் மடியில் இருந்த வரைபடம் கூரையில் போய் ஒட்டியது. அந்த விமானம் எதுவுமே நடக்காதது போல அதே திசையில் இறங்கிப் போனது.

தரையிறங்கிய பிறகு அந்த விமானியைத் தேடிப் போய்ப் பேசினேன். எங்களை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. அவருடையது இறக்கை கீழே இருக்கும் விமானம், அவருக்கு அடியில் இருப்பது தெரியாது, எங்களுக்கு மேலே இருப்பது தெரியாது. அந்த நேரத்தில் அவர் வேறொரு அலைவரிசையில், தான் கிளம்பி வந்த சிறு தளத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அதுவும் விதிப்படி சரிதான். இன்னொன்றும் சொன்னார். பக்கத்து விமானங்களைக் காட்டும் கருவி ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தார். எங்கள் விமானத்திலும் ஒன்று இருந்தது. இரண்டும் வேறுவேறு முறையில் பேசுகிறவை, ஒன்று சொல்வது இன்னொன்றுக்குக் கேட்காது. பாதுகாப்புக்காகச் செலவு செய்த இரண்டு விமானங்கள் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாமலே நெருங்கியிருக்கின்றன, காரணம் எல்லாரும் இந்த ஒரு முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் இன்னும் கலந்தாலோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எங்களுக்கு நினைவூட்டிய “பார்த்து விலகு” என்ற விதியைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ இதற்கு ஒரு கணக்கையே சுற்றறிக்கையில் கொடுத்திருக்கிறது. ஒரு பொருள் கண்ணில் பட 0.1 விநாடி, அது விமானம் என்று புரிய 1 விநாடி, நம் மேல் மோத வருகிறது என்று உணர 5 விநாடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 விநாடி, கை அசைய 0.4 விநாடி, விமானம் அதற்குக் கட்டுப்பட்டுத் திரும்ப 2 விநாடி. மொத்தம் 12.5 விநாடி. இரண்டு சிறு விமானங்கள் ஆளுக்கு 120 நாட் (மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், 12.5 விநாடியில் அவற்றுக்கு இடையே 1.5 கிலோமீட்டர் கரைந்துவிடும். அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் நேராக வரும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் உடல் ஒரு புள்ளி, இறக்கை ஒரு மெல்லிய கோடு, பின்னால் நகரத்தின் கட்டடங்கள். அதைவிட மோசமானது, மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகரவே நகராது. நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளியைக் கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்று மூளை ஒதுக்கிவிடும், கடைசிச் சில விநாடிகளில்தான் அது திடீரென்று பெரிதாகும். அது கதவுத் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் கடைசிவரை அங்கேயேதான் இருக்கும்.

இவ்வளவையும் ஆஸ்திரேலியாவின் விபத்துப் புலனாய்வு அமைப்பு 1991-லேயே ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டுப் பார்ப்பது, சும்மா தேடுவதைவிட ஏறத்தாழ 8 மடங்கு பலன் தரும் என்பது அதில் வரும் செய்தி. அன்றைக்கு நான் கன்ட்ரோலரிடம் கேட்டதும், என் கருவி எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதும் அந்த ஒரு வரிதான்.

கவனக்குறைவான அமெச்சூர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று உங்களில் யாராவது நினைத்தால், 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் நடந்ததை எடுத்துப் பாருங்கள். போயிங் 727 விமானத்தில் இருந்தவர்கள் அனுபவம் வாய்ந்த விமானிகள். முன்னால் ஒரு செஸ்னா இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அவர்களும் பார்த்தார்கள், பிறகு அது பார்வையிலிருந்து தவறிவிட்டது, தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்தார்கள். செஸ்னா அவர்களுக்குக் கீழேயே இருந்தது. ரேடார் அறையில் மோதல் எச்சரிக்கை ஒலித்தும் அது விமானங்களுக்குச் சொல்லப்படவில்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட எச்சரிக்கை அங்கே அடிக்கடி வரும். இரண்டும் மோதி, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள்.

1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் செரிட்டோஸில், அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வழிதவறி நுழைந்த பைப்பர் என்ற சிறு விமானமும் டிசி-9 பயணிகள் விமானமும் மோதி 82 பேர் இறந்தார்கள். விமானத்தின் உயரத்தை ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி அந்தப் பைப்பரில் இல்லை. அதற்குப் பிறகுதான் பெரிய விமான நிலையங்களிலிருந்து 30 கடல் மைலுக்குள் அந்த டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது, பயணிகள் விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவியும் வந்தது. அதே வட்டங்களுக்குள் 2020 ஜனவரி 1 முதல் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லும் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பும் அங்கே கட்டாயம். ஆக, செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

டென்வருக்குப் பக்கத்தில் சென்டென்னியல் விமான நிலையத்தில் 2021 மே 12 அன்று நடந்ததை நான் ஒவ்வொரு மாணவருக்கும் விளக்குகிறேன். இரண்டு இணை ஓடுபாதைகள், இரண்டு கன்ட்ரோலர்கள், இரண்டு அலைவரிசைகள். தன் ஓடுபாதைக்குத் திரும்பிய சிர்ரஸ் என்ற சிறு விமானம் அந்த ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய், பக்கத்து ஓடுபாதைக்கு நேராக வந்துகொண்டிருந்த மெட்ரோலைனர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் முதுகைக் கிழித்தது. சிர்ரஸில் இருந்தவர்கள் அந்த விமானத்தின் பாராசூட்டில் இறங்கினார்கள், மெட்ரோலைனரின் விமானி கூரை பிளந்த விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார், ஒருவரும் சாகவில்லை. மெட்ரோலைனரைப் பற்றிச் சிர்ரஸுக்குச் சொல்லியிருந்தார்கள். சிர்ரஸைப் பற்றி மெட்ரோலைனருக்குச் சொல்லவில்லை. அலைவரிசை வேறு என்பதால் அவரால் ஒட்டுக் கேட்டும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. உங்கள் இணை ஓடுபாதைகளிலும் இதே ஏற்பாடுதானே இருக்கிறது?

வானொலியில் பேசிக்கொண்டால் போதும் என்பதும் சரியில்லை. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், கன்ட்ரோலர் இருக்கும் டவர் இல்லாத தளத்தில், இரண்டு விமானிகளும் ஒரே அலைவரிசையில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நீங்கள் ரொம்ப வேகமாக வருகிறீர்கள் என்று சிறிய விமானத்தில் இருந்தவர் சொன்ன சற்று நேரத்தில் பின்னாலிருந்து வந்த இரட்டை எஞ்சின் விமானம் மோதியது. மூன்று உயிர்கள்.

இனி, சரிசெய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு மேல் சிறு விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் ஒரு குறுகிய பாதை இருக்கிறது, மேலே முழுக்கப் பெரிய விமான நிலையங்களின் வான்வெளி. எந்தப் பக்கம் ஒதுங்கிப் பறப்பது, எங்கே குரல் கொடுப்பது என்பதெல்லாம் வெறும் பரிந்துரைகளாக இருந்தன. 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு பைப்பரும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பரிந்துரைகள் விதிகளாகிவிட்டன. வடக்கே போகிறவர் கிழக்குக் கரையோரம், தெற்கே போகிறவர் மேற்குக் கரையோரம், 140 நாட்டுக்கு மேல் வேகம் கூடாது, குறித்த இடங்களில் குறித்த அலைவரிசையில் சொல்லியே தீர வேண்டும், சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு ஓர் உயரம், கடந்து போகிறவர்களுக்கு இன்னோர் உயரம். மூன்றரை மாதத்துக்குள் செய்ய முடிந்திருக்கிறது. அந்த ஒன்பது பேர் சாகும் முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வாஷிங்டனில் 2025 ஜனவரி 29 அன்று 67 பேர் இறந்ததில் சிறு விமானம் எதுவும் இல்லை, மோதியவை பயணிகள் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும்தான். ஆனாலும் அதிகாரத்தில் இருக்கும் நீங்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய ஒரு எண் அதன் விசாரணையில் வந்தது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்த ஒரே விமான நிலையத்தைச் சுற்றிப் பயணிகள் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கியது 15,214 முறை. தகவல் கணினியில் கிடந்திருக்கிறது. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. என் புகார் சேர்ந்திருக்கும் அறையிலும் அப்படிக் கூட்டிப் பார்க்காத கோப்புகள் இருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன், இல்லை என்றால் காட்டுங்கள்.

எங்கள் பக்கத்திலேயே எதிர்ப்பு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். செலவு ஒரு காரணம். பிரிட்டனில் 2020-ல் இப்படிப்பட்ட கருவி வாங்கியவர்களுக்கு விலையில் பாதியை, 250 பவுண்டு வரை, திருப்பிக் கொடுத்தார்கள், அந்த மாதிரி ஏதாவது நீங்களும் செய்யலாம். மின்சார அமைப்பே இல்லாத பழைய விமானங்களுக்கும் கிளைடர்களுக்கும் பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. இன்னொரு காரணம் பயம். நாங்கள் ஒலிபரப்பும் தகவலை வைத்தே தரையிறங்கும் கட்டணம் வசூலிப்பார்கள், பத்து அடி எல்லை தாண்டினால் நோட்டீஸ் அனுப்புவார்கள் என்று பலர் கருவியை வாங்கத் தயங்குகிறார்கள், வாங்கியவர்களில் சிலர் அணைத்து வைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைப் போக்க உங்களால் மட்டும்தான் முடியும். திரையையே பார்த்துக்கொண்டு வெளியே பார்க்க மறந்துவிடுவார்கள் என்ற வாதமும் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் இப்போதைய கருவிகள் ஹெட்செட்டில் குரலாகவே சொல்கின்றன, எந்தத் திசை, எவ்வளவு தூரம், மேலேயா கீழேயா என்று. கண் வெளியிலேயே இருக்கலாம்.

சரி, நான் கேட்பது இவை. உள்ளே வருகிறவர்களுக்கும் வெளியேறுகிறவர்களுக்கும் வேறுவேறு புள்ளிகளைக் குறியுங்கள், உயரங்களையும் பிரித்துக் கொடுங்கள், குறுகலான பாதைகளில் வேக வரம்பும் ஒதுங்கும் பக்கமும் கட்டாயமாகட்டும். காத்திருக்கச் சொன்னால் எங்கே, எந்த உயரத்தில் காத்திருப்பது என்பதும் வரைபடத்திலேயே இருக்கட்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், வான்வெளித் தகவல்கள் 28 நாள் சுழற்சியில் எப்படியும் புதுப்பிக்கப்படுகின்றன. அதோடு, பயணிகள் விமானங்கள் உண்மையில் எந்த உயரத்தில் வந்து போகின்றன என்ற பதிவு உங்களிடம் இருக்கிறது. அவை பயன்படுத்தாத அடிமட்டப் படிகளை 500 அடியாவது மேலே தூக்கி, எங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்.

ஒலிபரப்புக் கருவி விதியை இனியும் தள்ளிவைக்காதீர்கள். ஒரே முறை என்று அறிவித்து, தேதி குறியுங்கள். ஒலிபரப்புவதோடு மற்றவர்களுடையதைப் பெற்றுக் காட்டுவதும் விதியில் சேரட்டும், அமெரிக்க விதியில்கூட அந்தப் பாதி இல்லை. அந்தத் தகவலைக் கட்டணம் வசூலிக்கவோ தண்டிக்கவோ பயன்படுத்த மாட்டோம் என்று அதே விதியில் எழுதுங்கள், வாங்க முடியாதவர்களுக்கு மானியம் கொடுங்கள்.

கூட்டம் மிகும் நேரங்களில் வான்வெளியின் விளிம்பில் இருக்கும் சிறு விமானங்களுக்கென்று தனியாக ஒரு கன்ட்ரோலரையும் அலைவரிசையையும் ஒதுக்குங்கள். இணை ஓடுபாதைகளை இரண்டு அலைவரிசைகளில் நடத்தினால், பக்கத்து ஓடுபாதைக்கு யார் வருகிறார் என்பது இரண்டு விமானங்களுக்கும் சொல்லப்பட வேண்டும், ஒன்றுக்குச் சொன்னால் போதாது. உங்கள் ரேடார் பதிவில் இருக்கும் நெருக்கங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணி, இடம் வாரியாக வெளியிடுங்கள்.

கடைசியாக, என் புகாரின் கோப்பை மறுபடி திறந்து, அன்றைய ரேடார் பதிவையும் இரண்டு அலைவரிசைகளின் ஒலிப்பதிவையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, இங்கே கேட்டவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அதை எனக்கு மட்டும் அனுப்பாமல், அந்தப் புள்ளிக்கு மேல் பறக்கும் எல்லாரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சிறு விமானப் பயிற்றுநர் ஒருவர்